சொல்லும் பொருளும்: ‘டூ தி நீட்புல்’

அலுவலகக் கடிதங்களின் இறுதி வரியில் அமர்ந்துகொண்டு, ஒன்றையும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாற்போன்ற நிறைவைத் தரும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு. ‘பிளீஸ் டூ தி நீட்புல்’ என்பது அது. தலைநகரிலே அரசாங்க அலுவலில் இருப்போரும், மும்பையிலே வணிக நிறுவனங்களில் கணக்கெழுதுவோரும், கொல்கத்தாவிலே பள்ளித் தலைமையாசிரியருக்குத் தம் குழந்தையின் பொருட்டுக் கடிதம் வரையும் தாய்மாரும் இத்தொடரை நன்கு அறிவர். பலகால் ஆண்டும் இருப்பர். இது பிழையான ஆங்கிலம் என்பர் சிலர். பழமைப்பட்டுப்போன ஆங்கிலம் என்பர் சிலர். நம் நாட்டார் தாமே ஆக்கிக்கொண்டது என்பர் வேறு சிலர். இம்மூன்று கூற்றுக்களில் எது எவ்வளவு உண்மை, இத்தொடரை எங்கே ஆளலாம், எங்கே ஆளலாகாது என்பனவற்றை இத்திங்கள் ஆராய்வோம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஊர்விட்டு ஊர் வந்து, பிறமொழியில் விண்ணப்பம் எழுதி வாழவேண்டியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதனால் வரும் நன்மையும் இழப்பும் மெய்யானவை.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ‘நீட்’ என்பது தேவை. அதனோடு ‘புல்’ என்னும் விகுதி சேர்ந்து ‘நீட்புல்’ ஆயிற்று. தேவையான, வேண்டிய என்பது பொருள். இது நேற்றுப் பிறந்த சொல்லன்று. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலே, லூக்கா எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், மார்த்தாள் மரியாள் என்னும் உடன்பிறந்தார் இருவர் வரலாற்றில் இச்சொல் வருகின்றது. பெயரடைக்கு முன் ‘தி’ என்பதை இட்டு அதனையே பெயர்ச்சொல்லாக்குவது ஆங்கில மரபு. ‘புவர்’ என்றால் ஏழ்மையான. ‘தி புவர்’ என்றால் ஏழைகள். அவ்வாறே ‘நீட்புல்’ என்றால் வேண்டிய. ‘தி நீட்புல்’ என்றால் வேண்டியது. எனவே ‘டூ தி நீட்புல்’ என்பதற்கு ‘வேண்டியதைச் செய்க’ என்பது நேர்ப்பொருள். இலக்கணத்தில் குற்றம் ஏதுமில்லை. நம் நாட்டார் ஆக்கியதும் அன்று. ஆங்கிலேயரே ஆண்டு, பின்னர்த் தம் நாட்டில் அதனைக் கைவிட்டனர். இன்று அவர்கள் அவ்விடத்தில் ‘டூ தி நெசசரி’ என்பதையோ, செய்யவேண்டிய செயலை வெளிப்படையாகக் கூறுவதையோ விரும்புகின்றனர். ஆக, பிழை என்ற கூற்றும், நம்மவர் ஆக்கம் என்ற கூற்றும் வீழ்ந்தன. பழமைப்பட்டது என்ற கூற்று ஆங்கிலேயர் நாட்டைப் பொறுத்தவரை நின்றது. இதில் ஒரு விந்தை உண்டு. ‘நீட்புல்’ என்பதன் எதிர்ச்சொல்லாகிய ‘நீட்லெஸ்’ இன்றும் அங்கே நல்ல வழக்கில் உள்ளது. வேண்டாதது வாழ்ந்திருக்க, வேண்டியது மறைந்துபோயிற்று!

இன்னொரு பொருளும் இத்தொடருக்கு இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘தி நீட்புல்’ என்றாலே பணம் என்று பொருள்பட்டது. எதைச் செய்வதற்கும் முதலில் வேண்டியது அதுதானே! இது கேட்டுப் புன்னகை செய்யும் அன்பர்கள், ‘கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்’ என்றும் ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்றும் நம் பேச்சில் வழங்குவனவற்றை எண்ணிப் பார்ப்பாராக. இன்ன செயல் என்று பெயர் சொல்லாது விடும் இடத்தில் பணம் மெல்ல வந்து நுழைவது எம்மொழிக்கும் பொதுவான இயல்பு போலும். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர்ப் பயன்படும்.

இத்தொடர் நம் நாட்டில் இத்துணை ஆழமாக வேரூன்றியது எங்ஙனம்? ஆங்கில வணிகர் தம் முகவர்களுக்கு எழுதிய கடிதங்களிலும், பின்னர் ஆட்சியாளர் நடத்திய கோப்புக்களிலும் இத்தகைய நிலைத்தொடர்கள் நிரம்பியிருந்தன. 1837ஆம் ஆண்டின் 29ஆம் சட்டத்தால் நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பாரசீக மொழி விலக வழி பிறந்தது. மேல்நிலைகளில் ஆங்கிலமும் கீழ்நிலைகளில் நாட்டு மொழிகளும் அவ்விடத்தைப் பெற்றன. அதன்பின் ஆங்கிலம் கற்பது என்பது பெரும்பாலும் அலுவலகக் கடிதம் எழுதக் கற்பதாகவே ஆயிற்று.

இவ்வரலாற்றில் தமிழருக்குச் சிறப்பான பங்கு உண்டு. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு பெட்டியும் படுக்கையுமாக ரயிலேறிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் சென்ற இளைஞர் எத்தனை ஆயிரவர்! நம் சங்கங்கள் பலவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. அவர்கள் பயின்ற பிட்மன் சுருக்கெழுத்திலே, அடிக்கடி வரும் தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரித்தெழுதாது, கையெடுக்காமல் ஒரே குறியாக இணைத்தெழுதும் முறை உண்டு. மேலதிகாரி வாய்திறந்து சொல்லி முடிக்குமுன் எழுத்தர் கை எழுதி முடித்துவிடும். இத்தகைய தொழிலில் நிலைத்தொடர் என்பது சோம்பலின் அடையாளம் அன்று, திறமையின் கருவி. தந்தியும் இப்பழக்கத்துக்குத் துணைநின்றது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய தந்தியில், ஒரு செயலை விரிப்பதைவிட ‘நீட்புல்’ என்று முடிப்பது மலிவு. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றது. தந்தியின் நடை மட்டும் மின்னஞ்சலில் புகுந்து வாழ்கின்றது.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இன்று பெங்களூரிலோ புனேயிலோ அயல்நாட்டு நிறுவனத்துக்குப் பணியாற்றும் மகன், ஓய்வுபெற்ற தந்தையார் எழுதிய கடிதத்தைக் கண்டு நகைக்கிறான். ‘அப்பா, இப்படி இப்போது யாரும் எழுதுவதில்லை’ என்கிறான். தந்தையாரும் மறுமொழி கூறாது தாளை மடித்து வைத்துவிடுகிறார். அடுத்த கடிதத்தை எழுதவே கூசுகிறார். இஃது ஏற்புடைத்தன்று. அத்தொடரை எழுதிய கையே அக்குடும்பத்துக்குச் சோறிட்டது. அம்மகனைப் படிக்க வைத்தது. பழமை என்பதனால் ஒரு தொடர் இழிந்ததாகிவிடாது. நம் நாட்டு அலுவலகங்களில் இத்தொடர் இன்றும் உயிருள்ள வழக்கு. எழுதுவோரும் படிப்போரும் ஒருங்கே பொருள் உணரும் வழக்கை எவரும் பிழையென்று தள்ளுதல் இயலாது.

எனின் குறை எங்கே உள்ளது? தொடரில் இல்லை, அதனை இடும் இடத்தில் உள்ளது.

தமிழிலும் இதற்கு நிகரான தொடர் உண்டென்பதை அன்பர்கள் அறிவர். ‘ஆவன செய்க’ என்பதே அது. 1956ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஆட்சிமொழிச் சட்டத்தின் வழியே தமிழ் கோப்பேறத் தொடங்கியபின், தமிழ்நாட்டு அலுவலகக் கடிதங்களில் இது நிலைபெற்ற வழக்காயிற்று. ‘ஆவன’ என்பது பலவின்பால் வினையாலணையும் பெயர். ஆகவேண்டியவை, ஆகத்தக்கவை என்பது பொருள். ஆங்கிலத் தொடர் வேண்டிய ‘அதனை’ என்று திரளாகக் கூற, நம் தொடர் ஆகவேண்டிய ‘அவற்றை’ என்று பன்மையாகக் கூறுவது நோக்கத்தக்கது. செய்யவேண்டியவை பல, அவை தனித்தனி எண்ணத்தக்கவை என்னும் உணர்வு அப்பன்மையிலே அடங்கியிருக்கிறது. இந்தியில் ‘ஆவச்யக் கார்ரவாயீ’ என்பர். தேவையான நடவடிக்கை என்பது பொருள். மூன்று மொழியிலும் ஒரே வழக்கம் நிலவுவதால், குற்றத்தை ஆங்கிலத்தின் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று.

இனி ஆளும் இடங்களை வரையறுப்போம். செய்பவருக்குச் செய்யவேண்டியது முன்பே தெரிந்திருக்குமாயின் இத்தொடர் முற்றும் பொருந்தும். மேலதிகாரி ஒருவர் கோப்பின் ஓரத்தில் ‘ஆவன செய்க’ என்று குறித்துக் கீழே அனுப்பும்போது, பெறுபவர் அத்துறையில் பழகியவர்; விதி அறிந்தவர்; முன்னுள்ள தாள்களும் கோப்பிலேயே இருக்கின்றன. ஆதலால் அங்கே அச்சொல் பொறுப்பை ஒப்படைக்கும் சொல். ஆண்டுதோறும் ஒரே முறையில் நடக்கும் அலுவலுக்கும் அது போதும். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அரங்கம் பதிவு செய்துவரும் அன்பருக்கு, ‘இவ்வாண்டும் ஆவன செய்க’ என்று செயலாளர் எழுதினால் எவர்க்கும் ஐயம் எழாது. நம்பிக்கையும் மரியாதையும் அதில் தொனிக்கின்றன.

பொருந்தாத இடம் எது? வேண்டுபவருக்கு மட்டுமே தெரிந்ததை, செய்பவர் தாமே உணர்ந்துகொள்ள வேண்டுமென எதிர்பார்க்கும் இடம். ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் காண்போம். மதுரையில் ஓய்வூதியம் பெற்றுவந்த பெரியவர் ஒருவர் காலமானார் என்று கொள்வோம். அவர் மனைவியார் மும்பையில் மகனோடு வந்து தங்குகிறார். மகன் மதுரையிலுள்ள வங்கிக் கிளைக்குப் பின்வருமாறு எழுதுகிறார்:

‘ஐயா, என் தந்தையார் காலமானார். என் தாயார் இப்பொழுது என்னுடன் மும்பையில் இருக்கிறார். தாங்கள் அன்புகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.’

எழுதியவர் உள்ளத்தில் எல்லாம் தெளிவாக இருக்கின்றது. தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வேண்டும். அதனை மும்பைக் கிளைக்கு மாற்ற வேண்டும். கடிதங்கள் புதிய முகவரிக்கு வர வேண்டும். ஆனால் தாளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனைக் கையில் வாங்கும் வங்கி அலுவலர் எதைச் செய்வார்? ஓய்வூதியம் பெறுபவர் இறந்தார் என்று எழுத்தில் வந்தபின் அவ்வூதியத்தை நிறுத்துவது அவர் கடமை. ஐயத்துக்கு இடமின்றிச் செய்யக்கூடியது அது ஒன்றே. அதனைச் செய்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிடுவார். வேண்டியதைச் செய்க என்றார்கள், வேண்டியது செய்யப்பட்டது! மும்பையிலே முதிய தாயார் திங்கள்தோறும் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து வைக்கிறார். மகனும் ‘எழுதியிருக்கிறேன் அம்மா, செய்வார்கள்’ என்று ஆறுதல் கூறுகிறார். இங்கே வங்கி அலுவலரைக் கடிந்து பயனில்லை. கேட்காத ஒன்றைச் செய்யவில்லை என்று எவரிடம் முறையிடுவது?

இக்கடிதத்தையே வேறுவகையாக எழுதலாம். தந்தையாரின் ஓய்வூதிய ஆணை எண், கணக்கு எண், காலமான நாள் ஆகியவற்றை முதலில் குறித்தல். இறப்புச் சான்றின் நகலை இணைத்தல். பின்பு ‘என் தாயாருக்கு, ஒன்று, குடும்ப ஓய்வூதியம் தொடங்குதல், இரண்டு, அதனை மும்பையில் இன்ன கிளையிலுள்ள இன்ன கணக்குக்கு அனுப்புதல், மூன்று, கீழ்க்காணும் முகவரியைப் பதிவு செய்தல் ஆகியவற்றை வேண்டுகிறேன். வேறு சான்று தேவைப்படின் எவை எவை என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன்’ என்று எழுதுதல். அதன் பின்னர், ‘இவற்றுக்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்’ என்று முடித்தால், முன்பு வெறுமையாய் இருந்த அத்தொடரே இப்பொழுது நிறைவு பெறுகின்றது. ‘இவற்றுக்கு’ என்னும் ஒரு சொல்லிலே வேறுபாடு முழுவதும் அடங்கிவிட்டது காண்க.

நாம் கூறுவதற்குச் சட்டமும் சான்று பகர்கின்றது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 7ஆம் கட்டளையின் 7ஆம் விதி, வழக்குத் தொடுப்பவர் தாம் வேண்டும் பரிகாரத்தைக் குறிப்பாக எடுத்துரைக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் நேரிதென எண்ணி அளிக்கக்கூடிய பொதுவான பரிகாரத்தையோ தனியாகக் கேட்கவேண்டுவதில்லை என்றும் அவ்விதியே கூறுகின்றது. அஃதாவது, ‘தகுந்ததைச் செய்க’ என்பதைச் சொல்லாவிட்டாலும் கேடில்லை. இன்னது வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. நம்மில் பலர் இதனைத் தலைகீழாக நடத்துகிறோம். விடத்தக்கதை எழுதி, எழுதத்தக்கதை விடுகிறோம்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதே நெறியில் நிற்கின்றது. அதன் 6ஆம் பிரிவின்படி, வேண்டும் தகவலின் விவரத்தை விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். எதற்காக வேண்டும் என்று காரணம் கூறவேண்டுவதில்லை. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியிலோ எழுதலாம். எழுத இயலாதவர் வாயால் கூறினால், அதனை எழுத்தில் அமைக்க அலுவலர் உதவ வேண்டும். பொதுவாக 30 நாள்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். அழகிய ஆங்கிலத்தை இச்சட்டம் எவரிடமும் கேட்கவில்லை என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நாம் மனத்தில் கொள்வோமாக. அது கேட்பது தெளிவு ஒன்றையே.

வேண்டுவதை வெளிப்படக் கூற நம்மவர் தயங்குவதன் காரணத்தையும் யாம் உணராமல் இல்லை. பெரியவரிடம் ‘இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள்’ என்று பட்டியல் இடுவது பணிவுக் குறைவு என்று கருதும் மரபில் வளர்ந்தோம். அத்தோடு, பழகாத மொழியில் புதிய வாக்கியம் அமைத்துப் பிழைபட்டு நகைப்புக்கு இடமாவதைவிட, பலரும் எழுதும் தொடருக்குள் ஒதுங்கிக்கொள்வது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. அயலூரில் வாழ்பவனுக்கு இவ்வச்சம் இரட்டிப்பு. ஆனால் பணிவு என்பது கேட்கும் முறையில் உள்ளது. கேட்கும் பொருளை மறைப்பதில் இல்லை. மேலும், செயலுக்குப் பெயரிடாமல் விட்டால் அதனை முடிவு செய்யும் உரிமை முழுவதும் எதிரே இருப்பவர் கைக்குப் போய்விடுகின்றது. அவர் நல்லவராயின் நமக்கு நற்பேறு, மடியராயின் காலக்கேடு, வேறு வகையினராயின், ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்பதற்கு அவர் கொள்ளும் பொருளை மேலே கண்டோம். எண்ணிட்டுக் கேட்ட விண்ணப்பத்துக்கு எண்ணிட்டு விடை கூற வேண்டியிருக்கும். வெறும் ‘நீட்புல்’ என்பதற்கு எவரும் விடை கூறவேண்டுவதில்லை.

குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதும் சிறு கடிதத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ‘மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறது, ஆவன செய்க’ என்று எழுதினால், செயலாளர் மேல்வீட்டாரிடம் ஒரு சொல் கூறிவிட்டு அமைந்துவிடலாம். ‘குழாய்க்காரரை இவ்வாரத்தில் வரவழைத்துக் கசிவின் இடத்தைக் கண்டறிந்து, செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்’ என்று எழுதினால், அவர் செய்யவேண்டிய மூன்றும் அவர் கண்முன் நிற்கும். சினமும் இல்லை, சண்டையும் இல்லை, மழைக்காலத்துக்கு முன் சுவர் உலரவும் கூடும்.

அயல்நாட்டாருக்கு எழுதும் இளைஞர்க்கும் ஒரு சொல். லண்டனில் இருப்பவர் இத்தொடரைக் கண்டால் பழங்காலத்து வாசனை வீசுகிறதே என்று வியக்கலாம். அல்லது எதைச் செய்யச் சொல்கிறார் என்று விழிக்கலாம். ஆதலால் அவருக்கு எழுதுங்கால் செயலையும் நாளையும் நேராகக் குறிப்பதே நன்று. இன்னாரோடு இன்ன வழக்கு என்று அறிந்து எழுதுவது அறிவுடைமை. தந்தையார் வழக்கை இகழ்வது அதனினும் வேறு.

இவ்வளவும் ஆராய்ந்தபின் அன்பர்களுக்கு யாம் கூறும் முறை எளிது. கடிதம் எழுதி முடித்தவுடன் இறுதி வரியிலுள்ள ‘நீட்புல்’ அல்லது ‘ஆவன’ என்பதை விரலால் மறைத்துவிட்டு எஞ்சியதைப் படித்துப் பாருங்கள். யார், எதை, எந்நாளுக்குள் செய்யவேண்டும் என்பதும், செய்தபின் எவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்பொழுதும் விளங்குமாயின் விரலை எடுத்துவிடலாம்; அத்தொடர் அங்கே மரியாதையாக நிற்கட்டும். விளங்காவிடின் எழுதுகோலை மீண்டும் எடுக்க வேண்டுவதுதான். வீட்டில் முதியோர் எழுதும் கடிதங்களை அஞ்சலில் சேர்க்குமுன் இளையோர் அருகமர்ந்து இங்ஙனம் ஒருமுறை படித்துக் காட்டுவாராயின், நகைப்பதற்குச் செலவாகும் நேரம் நல்வழியில் செலவாகும். நம் சங்கக் கூடத்திலும் விண்ணப்பம் எழுத உதவி நாடி வரும் தாய்மாரும் பெரியோரும் உளர். ஆங்கிலம் வல்ல அன்பர்கள் அவர்களிடம் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘உங்களுக்கு என்ன நடக்க வேண்டும், அம்மா?’ என்பதே. அவர் தமிழில் கூறும் விடையை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திவிட்டால், அதனை எம்மொழியில் பெயர்ப்பதும் எளிதாகும்.